தண்ணீரும் தீர்த்தமும்: ஆங்கிலச் சொல்வளம் எப்படி வளர்கிறது

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் தம்பி ஒருவர், சனிக்கிழமை மாலைகளில் பிறை என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு ஆங்கிலம் படிக்க வருவார். ஒரு நாள், மேலதிகாரிக்குத் தான் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றைக் காட்டினார். இயந்திரம் நின்றுபோனதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதலில் 'த மெஷின் இஸ் டெட்' என்று எழுதியிருக்கிறார். அது சின்னப்பிள்ளை இங்கிலீஷ் மாதிரி இருக்கிறதே என்று கைப்பேசியில் இன்னொரு சொல்லைத் தேடி, 'டெட்'டை எடுத்துவிட்டு 'டிசீஸ்ட்' என்று போட்டு அனுப்பிவிட்டார். அதாவது இயந்திரம் அமரராகிவிட்டது.

"சார், ரெண்டு நாளா ஆபீஸ்ல ஒரே சிரிப்பு. ஒருத்தன் மெஷினுக்கு மாலை வாங்கட்டுமான்னு கேக்குறான்" என்றார்.

அவர் பார்த்த பட்டியலில் அந்தச் சொல் உண்மையிலேயே இருந்தது. பொருளும் தப்பில்லை. அப்புறம் எங்கே இடறியது? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடப் போகிறது. ஏனென்றால் 'வொகேப் ஏத்தணும்' என்று என்னிடம் வரும் பலருடைய மனத்தில் ஒரே படம்தான் இருக்கிறது: அட்வான்ஸ்ட் என்றால் நீளமான சொல், ஊரில் யாருக்கும் தெரியாத சொல், அப்படி ஆயிரம் சொல்லை நெட்டுருப் போட்டால் வேலை முடிந்தது. மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூவெட் எழுதும் பிள்ளைகள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டு அலுவலகத்தோடு பேச வேண்டிய எஞ்சினியர்கள், எல்லாரும் இதே கணக்கோடுதான் வருகிறார்கள்.

அகராதியையே விழுங்கிய ஒருவர்

கோலாலம்பூரில் பல ஆண்டுகளாக வாழ்ந்த நியூசிலாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார், நைஜல் ரிச்சர்ட்ஸ். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில் உலக சாம்பியன். 2015இல் அவர் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் போட்டியிலும் உலக சாம்பியன் ஆனார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஏறக்குறைய ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் போய் வென்று வந்தார். 2024இல் ஸ்பானிஷ் மொழியிலும் அதே கதை.

அவருடையது அபாரமான மூளை, சந்தேகமே இல்லை. ஆனால் பாரிஸில் ஒரு கடையில் நின்று பிரெஞ்சில் பேரம் பேச அந்தச் சொற்கள் அவருக்கு உதவா. ஸ்க்ராபிளில் ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டு இருந்தால் போதும்; பொருள் வேண்டாம், துணை வேண்டாம், இடம் பொருள் ஏவல் எதுவும் வேண்டாம். மொழிக்கு இவை எல்லாமே வேண்டும். சொற்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்கிறவர், தெரியாமலே ஸ்க்ராபிளுக்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முகம் தெரிந்தவரும் வீடு தெரிந்தவரும்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு தினமும் ஃபெரியில் போகிறவருக்கு நூறு முகமாவது பழக்கம் ஆகியிருக்கும். பார்த்தால் தலையசைப்பார்கள். பெயர் கேட்டால் தெரியாது. அந்த நூறு பேரில் நாலைந்து பேர்தான் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள்.

சொற்களும் அப்படித்தான். படிக்கும்போது கண்ணில் பட்டால் 'ஆங், தெரியும்' என்று நாம் கடந்து போகிறவை ஒரு கூட்டம். இவற்றைப் புரியும் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசும்போதும் எழுதும்போதும் தேடாமலே வந்து நிற்கிறவை இன்னொரு கூட்டம், புழங்கும் சொற்கள். முதல் கூட்டம் எப்போதும் பெரியது. தாய்மொழியிலும் இதே நிலைதான்: நாளிதழ் தலையங்கத்தில் வரும் தமிழ்ச் சொல்லெல்லாம் நமக்குப் புரிகிறது, வாயில் வருவது எத்தனை?

ஆகவே 'எனக்கு எத்தனை சொல் தெரியும்' என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. புரியும் சொல்லைப் புழங்கும் சொல்லாக்குவதுதான் பெரும்பாலானவர்களுக்கு மிச்சமிருக்கும் வேலை. புதுச்சொல் சேர்ப்பது அதில் ஒரு பகுதிதான்.

சரி, எத்தனை சொல் வேண்டும்?

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. யூஸ், யூசர், யூஸ்ஃபுல், யூஸ்லெஸ் ஆகிய நான்கையும் தனித்தனியாக எண்ணாமல், ஒரு தாய்ச்சொல்லும் அதன் பிள்ளைகளும் என்று ஒன்றாக எண்ணுவதற்குச் சொற்குடும்பம் என்று பெயர்.

ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் முதல் 2000 சொற்குடும்பங்களைக் கற்றுவிட்டால், சாதாரண எழுத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு தெரிந்த சொல்லாக இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. எண்பது மார்க் என்றால் வீட்டில் பாராட்டுவார்களே! ஆனால் படிப்பில் 80 விழுக்காடு எப்படி இருக்கும் என்பதைத் தமிழிலேயே காட்டுகிறேன்:

'பினாங்குப் பாலத்தில் நேற்று காலை நடந்த சுமுதலால் தீவுக்குள் வரவேண்டிய பிளுவைகள் மூன்று மணி நேரம் நகராமல் கெடுந்து நின்றன.'

பதினைந்து சொல், அதில் மூன்று நான் இட்டுக்கட்டியவை. பாலம் தெரிகிறது, நேரம் தெரிகிறது. என்ன நடந்தது? விபத்தா, மறியலா, வெள்ளமா? நின்றது காரா, லாரியா, மாடா? செய்தியின் உயிர் அந்த மூன்று சொல்லில்தான் இருக்கிறது. அடிக்கடி வரும் சொற்கள் வாக்கியத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும். எப்போதாவது வரும் சொற்கள்தான் சேதியைச் சுமக்கும்.

சொல்வள ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கு இது: அகராதி இல்லாமல் நாவலோ நாளிதழோ படிக்க, ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாமல் இருக்கக் கூடாது. அதாவது 98 விழுக்காடு தெரிய வேண்டும். அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை. பேச்சைப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000 போதும்.

இந்த எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம். எல்லாச் சொல்லும் ஒரே விலை இல்லை. அடித்தளத்தில் அன்றாடச் சொற்கள், உச்சியில் ஒரு துறைக்கு மட்டும் உரியவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடி இருக்கிறது. சிக்னிஃபிகன்ட், எஸ்டாப்ளிஷ், இம்ப்ளை, அலோகேட், ரிலக்டன்ட் போன்ற சொற்கள் குடியிருக்கும் இடம் அதுதான். சட்டம், மருத்துவம், வணிகம், எந்தத் துறையாக இருந்தாலும் இவை வந்துபோகும். ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000இல் இந்த நடுமாடியை அளந்து 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியலாக வெளியிட்டார். கல்லூரிப் பாடநூல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அந்தப் பட்டியலில் இருந்து வருகிறது. வெறும் 570 குடும்பம்! அரிய சொற்களைத் தேடி அலைகிறவர்கள் இந்த மாடியில் இறங்காமலே லிஃப்டில் மேலே போய்விடுகிறார்கள். 'சர்குமாம்புலேட்' என்ற சொல் தெரிந்திருக்கும், 'இம்ப்ளை'யைச் சரியாக எழுத வராது.

இதுவரை பார்த்ததை ஒருமுறை கோத்துக்கொள்வோம். பார்த்தால் புரிவது வேறு, புழங்குவது வேறு. அன்றாடச் சொற்கள் மட்டும் போதா. ஆனால் அதற்கு மேல் முதலில் பிடிக்க வேண்டியது அரிய சொல்லை அல்ல, எல்லாத் துறையிலும் நடமாடும் நடுமாடிச் சொற்களை.

யானை கத்துமா?

தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும். தென்னைக்கு ஓலை, வாழைக்கு இலை, வேம்புக்குத் தழை, தாழைக்கு மடல். 'யானை கத்தியது' என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் சுழித்து 'மரபுப் பிழை' என்று போடுவார். பொருள் புரியாததால் போட்ட சுழி அல்ல அது. அந்தச் சொல்லோடு இந்தச் சொல்தான் வர வேண்டும் என்று முன்னோர் பேசிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் கொலொகேஷன்: எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் என்ற மரபு. ஒரு சொல்லை அறிய அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார் என்னும் கருத்தை ஜே.ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957இல் சொல்லி வைத்தார். நம் வீட்டில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதும் இதுதானே.

மூன்று மொழி புழங்கும் நம் ஊரில் இந்த மரபுகள் ஒன்றோடொன்று மோதும். விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் விளக்கைப் போடுகிறோம். மலாயில் புக்கா லம்பு, விளக்கைத் திறக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டர்ன் ஆன்'. மூன்றும் அவரவர் வீட்டில் சரி. மலாய் வழக்கை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனால் 'ஓப்பன் த லைட்' பிறக்கிறது. மருந்தும் அப்படியே. தமிழில் மருந்து சாப்பிடுகிறோம், மலாயிலும் மாக்கான் உபாட். ஆங்கிலத்தில் மட்டும் 'டேக்'. 'ஈட் மெடிசின்' என்று நம்மில் பலர் சொல்வது அறிவுக்குறை இல்லை. இரண்டு மொழியின் மரபு ஒரே பக்கம் இழுக்கும்போது மூன்றாவது மொழி எப்படித் தாக்குப்பிடிக்கும்?

இன்னும் ஒன்று. மாமாக் கடையில் 'தே தாரிக் காவ்' என்றால் தேநீரைக் கெட்டியாகக் கொண்டுவருவார்கள். ஆங்கிலத்தில் அது 'ஸ்ட்ராங் டீ'. காற்றும் 'ஸ்ட்ராங்' ஆகலாம். ஆனால் மழை கொட்டினால் 'ஹெவி'. பாலத்தில் வண்டி அடைத்து நின்றால் அதுவும் 'ஹெவி'. ஏன் என்று கேட்டால் இலக்கணத்தில் விடை கிடைக்காது. யானை ஏன் பிளிறுகிறது என்பது போலத்தான்.

என் அனுபவத்தில், ஒருவருடைய ஆங்கிலம் 'முதிர்ந்து' தெரிவதற்கு முதல் காரணம் இந்தச் சேர்க்கைதான். 'மேக் எ டெசிஷன்', 'கண்டக்ட் எ சர்வே', 'மீட் எ டெட்லைன்' என்று எளிய சொல் எளிய சொல்லோடு சரியாகக் கைகோத்தாலே எழுத்தின் தரம் மாறிவிடும். தம்பியின் இயந்திரத்துக்கும் இப்படி ஒரு துணை இருக்கிறது: 'த மெஷின் இஸ் டவுன்'. 'டவுன்' மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அது 'மெஷின்' என்பதோடு இப்படியும் சேரும் என்று தெரிவதுதான் அட்வான்ஸ்ட்.

தண்ணீரும் தீர்த்தமும்

கோயிலில் ஐயர் உள்ளங்கையில் ஊற்றுவது தீர்த்தம். வீட்டில் குடிப்பது தண்ணீர். நீர்வள இலாகாவின் தமிழ் அறிவிப்பில் வருவது நீர். மூன்றும் ஒரே பொருள்தான். ஆனால் ரோட்டி சானாய் கடையில் உட்கார்ந்து 'ஒரு கிளாஸ் தீர்த்தம்' என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் வேறு வகைத் தீர்த்தம் என்று நினைத்து முறைப்பார்கள்.

ஒரே பொருள் தரும் சொற்கள் இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப உடுத்தி வரும் உடைக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். தமிழில் நடைத்தரம் என்று சொல்லலாம். செத்துப்போனார், இறந்தார், காலமானார், இறைவனடி சேர்ந்தார். நாளிதழின் மரண அறிவித்தல் பக்கத்தில் எது வரும், சண்டையில் எது வரும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த உணர்வு இயல்பாக வராததால்தான் இணைச்சொல் பட்டியலைப் பார்த்து ஏமாறுகிறோம். அந்தப் பட்டியல் பொருளைச் சொல்லும், உடையைச் சொல்லாது.

ஆங்கிலத்தில் இத்தனை உடைகள் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம் தொடர்ந்தது. அதனால்தான் தொழுவத்தில் நிற்கும்போது 'கௌ', தட்டுக்கு வரும்போது 'பீஃப்'. ஒன்று மேய்த்தவர் சொல், மற்றது தின்றவர் சொல். கேட்பது என்ற செயலுக்கே மூன்று அடுக்கு: 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெரோகேட்' லத்தீன். வீட்டில் அம்மா 'ஆஸ்க்' பண்ணுவார். 'இன்டெரோகேட்' பண்ணினால் அங்கே போலீஸ் இருக்கிறது என்று பொருள்.

இப்போது தம்பியின் மின்னஞ்சலுக்குத் திரும்பலாம். 'டிசீஸ்ட்' என்பது வழக்கறிஞர், காவல்துறை, இறப்புச் சான்றிதழ் இவர்கள் வீட்டு உடை. அதுவும் மனிதருக்கு மட்டும். அவர் மெஷினுக்குக் கோட்டு சூட்டு மாட்டிப் பெட்டியில் கிடத்திவிட்டார்.

நம் ஊர் ஆங்கிலத்துக்கும் இந்தப் பார்வை பொருந்தும். 'ஐ சென்ட் யூ ஹோம்' என்றால் நமக்கு வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அர்த்தம். 'லா' போட்டுப் பேசாவிட்டால் நண்பர்கள் நம்மைத் தள்ளி வைத்துவிடுவார்கள். மங்லிஷ் என்கிற இந்த மலேசிய ஆங்கிலத்தை வெட்கப்பட்டு மறைக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கான உடை. நேர்முகத் தேர்வுக்கு வேறு உடை, அவ்வளவுதான் செய்தி. ஆங்கிலத்தின் அலமாரியில் நம் வீட்டுத் துணியும் கொஞ்சம் இருக்கிறது: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆகியவை 'கட்டமரன்', 'ஷெரூட்', 'முல்லிகடானி' என்று ஆங்கில அகராதியில் இன்றும் உட்கார்ந்திருக்கின்றன. மலாய் 'ஆமோக்'கும் அங்கேதான்.

சுருக்கமாக, ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டும் இல்லை. துணை உண்டு, உடை உண்டு. மூன்றும் தெரிந்தால்தான் அது புழங்கும் சொல்.

இம்புஹான் தெரிந்தவருக்கு வேர் தெரியும்

மலாய்ப் பாடத்தில் இம்புஹான், அதாவது வேர்ச்சொல்லின் முன்னும் பின்னும் சேரும் ஒட்டுகள், படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி அல்வா சாப்பிடுவது மாதிரி. துலிஸ் என்ற வேரிலிருந்து மெனுலிஸ் எழுதுதல், பெனுலிஸ் எழுத்தாளர், துலிசான் எழுத்து. ஆங்கிலத்தில் லத்தீன் வேர்கள் இதே வேலையைச் செய்கின்றன. 'ஸ்பெக்ட்' என்றால் பார். முன்னொட்டு மாறினால் பார்வை மாறும்: 'இன்ஸ்பெக்ட்' உள்ளே பார்ப்பது, 'ரெஸ்பெக்ட்' திரும்பிப் பார்ப்பது, 'சஸ்பெக்ட்' கீழிருந்து மேலாகப் பார்ப்பது. கடைசியதை நினைத்துப் பார்த்தால் சந்தேகப்படுகிற முகம் அப்படியே தெரிகிறது இல்லையா?

இதிலேயே மூழ்கிவிடவும் கூடாது. வேர் என்பது நினைவுக்கு ஒரு கொக்கி. அதை வைத்தே பொருளைக் கணிக்கப் போனால் பாதி நேரம் வழுக்கிவிடும்.

மோர் மிளகாய்க் கணக்கு

சொல் ஏன் மறந்துபோகிறது? ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். மறதி சீராக நடப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று சரிந்து, பிறகு மெதுவாகத் தேய்கிறது. சரிகிற நேரத்தில் மறுபடி தொட்டால், அடுத்த சரிவு மெதுவாகிறது.

மோர் மிளகாய் போட்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ராத்திரி மோரில் ஊற வைத்து, பகலில் வெயிலில் காய வைத்து, மறுபடி மோரில் போட்டு, மறுபடி வெயில். இப்படிப் பல நாள். அவசரக்காரர் அத்தனை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஊற வைத்து ஒரே மூச்சில் காய வைத்தால் மிளகாய் அழுகும், இல்லையென்றால் கருகும். ஒவ்வொரு முறையும் காய்ந்தபின் ஊறுவதால்தான் மோர் உள்ளே இறங்குகிறது. படித்ததைக் கொஞ்சம் மறக்கவிட்டு, இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் மறுபடி தொடுவதற்கு ஸ்பேஸ்ட் ரெபிடிஷன் என்று பெயர்: இன்று, நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து.

தொடுவது என்றால் மறுபடி வாசிப்பது இல்லை. 2006இல் ஹென்ரி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். திரும்ப வாசிக்கும்போது ஃபெரி முகம் மாதிரி 'தெரியுமே' என்று தோன்றிவிடுகிறது. மூடிவிட்டுத் தேடும்போதுதான் மூளை வேலை செய்கிறது.

தம்பியின் நோட்டுப்புத்தகம்

இத்தனையும் நடைமுறையில் எப்படி இருக்கும்? அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நாளைக்கு ஐந்து சொல் போதும், பேராசை வேண்டாம். சொற்களைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், தனக்குப் பிடித்த விஷயத்தைப் படிக்கும்போது குறுக்கே வருவதை எடுக்க வேண்டும். அவருக்கு பேட்மிண்டன் பைத்தியம். ஒரே விளையாட்டைப் பற்றித் தொடர்ந்து படித்தால் அதே சொற்கள் தாமாகத் திரும்பி வரும். பாதி மறுபயிற்சி அங்கேயே முடிந்துவிடும்.

அகராதி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய பயிலுநர் அகராதிதான் வேண்டும். அதில் விளக்கங்களை ஏறக்குறைய 2000 முதல் 3000 எளிய சொற்களுக்குள் எழுதியிருப்பார்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் துணை தெரியும், 'ஃபார்மல்' என்ற குறிப்பில் உடை தெரியும். சொல்லைத் தனியாக எழுதாமல் அந்த வாக்கியத்தோடு எழுதி, பின்பக்கத்தில் தன் வேலை சம்பந்தமாகச் சொந்த வாக்கியம் ஒன்று. அட்டைகளை மூன்று பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறார். நினைவுக்கு வந்தால் அடுத்த டப்பா, வராவிட்டால் முதல் டப்பா. முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியது வாரத்துக்கு ஒருமுறை. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் பரப்பிய முறை இது. கைப்பேசிச் செயலிகளும் இந்தக் கருத்தைத்தான் கணக்குப் போட்டு நடத்துகின்றன.

'ரிலக்டன்ட்' என்ற அட்டை மட்டும் மூன்று வாரமாக முதல் டப்பாவை விட்டு நகரவில்லை. தயக்கம் என்று பொருள் தெரியும், வாயில் வராது. போன சனிக்கிழமை வந்ததும் வராததுமாகச் சொன்னார்: மீட்டிங்கில் சப்ளையர் உதிரிப்பாகத்தை மாற்றித்தரத் தயங்குகிறார் என்று சொல்ல வேண்டியிருந்ததாம். 'த சப்ளையர் இஸ் ரிலக்டன்ட் டு ரிப்ளேஸ் த பார்ட்' என்று தேடாமலே வந்துவிட்டதாம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சார். அப்ப பார்ட் எப்ப வரும்னுதான் கேட்டாங்க."